தாரை வார்க்க நானே உட்காருவேன்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
செவ்வாய்க்கிழமை

என் அன்புத் தம்பி திருஞானத்துக்கு,

அண்ணன் சிவகுருநாதன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், வயிறும் சுகம். ஈப்போவில் நீயும் பிள்ளைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கைப்பேசியை உன் அண்ணி எடுத்துப் பார்ப்பாள் என்பதால் இது தபாலில் வருகிறது.

இன்னும் இரண்டு வாரத்தில் என் மகள் மிதுஷாவுக்குக் கல்யாணம். எனக்குப் பதிலாக நீ மணவறையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும் என்று உன் அண்ணி கனகேஸ்வரி உனக்குப் போன் செய்தாளாம். தேவையே இல்லை. பித்தப்பையையும் அதிலிருந்த கல்லையும் எடுத்து ஏழு மாதம் ஆகிறது. கல் போனபிறகுதான் நான் கல்லுப்போல் இருக்கிறேன். பித்தநீரைச் சேர்த்துவைக்கப் பை இல்லை, அது நேரே குடலில் சொட்டும், எண்ணெய் நெய் சேர்ந்தால் ஓடவைக்கும் என்றார் டாக்டர் இர்வான். அதாவது தொட்டி இல்லாத குழாய். முப்பத்தோரு வருஷம் நீர்வழங்கல் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவனுக்குக் குழாயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? அவர் கொடுத்த மாவு மருந்தை மூன்று வாரம் கரைத்துக் குடித்தேன், குணமானது, நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை நடந்ததை உன் அண்ணி பெரிதாக்கியிருப்பாள். உண்மை இதுதான். நாசி கண்டார் சோற்றுக்கடை அப்துல் காதருக்குப் பத்திரிகை வைக்க நானும் அவளும் போனோம். அவன் கரண்டியும் கையுமாக, "அண்ணே, பஞ்சிரா?" என்று கேட்டான். சோறு மூழ்க எல்லாக் குழம்பையும் ஊற்றுவதற்கு இங்கே பஞ்சிர் என்றுதான் பெயர், வெள்ளத்துக்கும் அதே பெயர், நானோ வயிற்றைத்தான் விசாரிக்கிறான் என்று உருகிப்போய், "ஆமா காதர், ஏழு மாசமா பஞ்சிர்தான்!" என்றேன். தட்டு வந்தது, சோற்றைக் காணோம். பத்திரிகை வைத்த இடத்தில் சாப்பாட்டை ஒதுக்கினால் மரியாதையா? பாதிதான் சாப்பிட்டேன். அங்கிருந்து கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை ஊருக்கு, சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினோம், பாலத்தின் நடுவில் லாரி ஒன்று பழுதாகி எங்கள் காரோடு எல்லாக் கிரேத்தாவும் நின்றுவிட்டது, இரண்டு பக்கமும் கடல், எனக்கு உதவ ஒரு வாளித் தண்ணீர் இல்லை, தண்ணீர்மலைக் கோயில் படி அத்தனையும் ஏறுவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டேன், அவரும் காப்பாற்றினார், சம்பந்தி வாசல்வரை. கைகூப்பி நின்ற சம்பந்தியைக் கடந்து, அவர் மனைவியைக் கடந்து, முதலில் திறந்த கதவு சாமி அறை, இரண்டாவதுதான் சரியான கதவு. வெளியே வந்ததும் மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உங்க வீட்டுல தண்ணி அழுத்தம் ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அவர் நன்றி சொன்னார். உறவு பலப்பட்டுவிட்டது என்றே நினைக்கிறேன்.

திரும்பும்போது உன் அண்ணி, "ரெண்டு மணி நேரம் மணவறையில உக்காந்துடுவீங்களா? பொய் சொல்லாதீங்கலா! தம்பியே உக்காரட்டும்" என்றாள். அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். மிதுஷாவின் கையை இன்னொருவர் பிடித்துக்கொடுப்பதை என்னால் பார்க்க முடியாது, அது நீயாக இருந்தாலும். நேற்று வீட்டில் பலகை போட்டு உட்கார்ந்து பார்த்தேன்: நாற்பத்தொரு நிமிஷம், அசையவில்லை. ஆகவே நீ விருந்தாளியாக வா, வயிறாரச் சாப்பிடு, போ.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நூறாண்டு நல்ல பசியோடும் நல்ல ஜீரணத்தோடும் இருங்கள்.

உன் அண்ணன்,
சிவகுருநாதன்

பி.கு.: நாற்பத்திரண்டாவது நிமிஷத்தைப் பற்றிக் கேட்காதே. மாவு மருந்தை மறுபடி கரைக்க ஆரம்பித்துவிட்டேன். தாரை வார்ப்பதை முதலிலேயே வைக்கச் சொல்லி ஐயரைக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார். எனவே நீ மணவறையில் என்னை ஒட்டியே உட்கார். நான் உன் தொடையை அழுத்தினால் செம்பை வாங்கிக்கொள். அதுவரை அவள் கை என் கையில்தான் இருக்கும். வரும்போது பட்டு வேட்டி எடுத்து வா. உனக்கு ஒன்று, எனக்கு மாற்றுக்கு ஒன்று.