காது கொடுத்துச் சுட்ட கேக்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் பரண் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று கடிகாரக்காரர் முடிவு செய்தார். ஆறு நாள் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊரார் கடிகாரங்களைச் சரிசெய்கிற மனிதர் அவர். ஏழாம் நாள் குழாய், திரைச்சீலை, பரண் என்று மனைவி ஏவினால் மனுஷன் என்னதான் செய்வான்?

அந்த மனைவி ஒரு காலத்தில் அவருடைய வாடிக்கையாளர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைக்கடிகாரத்தை 'ரிப்பேர்' என்று சொல்லி நாலைந்து முறை கொண்டுவந்தாள். அவர் அதைக் காதில் வைத்துக் கேட்பதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தன் முகத்தைப் பார்க்கத்தான் வந்தாள் என்பது இன்றுவரை அவருடைய கெட்டியான நம்பிக்கை.

வாராவாரம் ஞாயிறு மதியம் அவளுடைய அண்ணனும் அக்காவும் சாப்பிட வருவார்கள். பேக்கரி நடத்தி ஓய்ந்து இப்போது இவர்களோடு இருக்கும் மாமனார், பரம்பரைத் திராட்சை கேக்கைச் சுட்டு வைப்பார். கொஞ்ச நாளாக அது விறகுக்கட்டை மாதிரி இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கேக்கைத் திணித்துவிடுவார்களே!

"மாவு, முட்டை, வெண்ணெய். இதுல என்ன பெரிய வித்தை? நானே சுடுவேன்" என்றார் கடிகாரக்காரர்.

"உங்களால முடியாதுங்க" என்றாள் மனைவி, ரொம்ப இதமாக.

"ஏன் முடியாது?"

"அண்ணனுக்கு வரல, அக்காவுக்கு வரல, எனக்கும் வரல, அப்பா பெத்த மூணு பேருக்குமே வரல. பாவம், நீங்க எதுக்கு?"

அந்தப் 'பாவம்' சுருக்கென்று தைத்தது.

"சுட்டுட்டா?"

"ஞாயித்துக்கிழமை முழுக்க உங்களுக்கு. ஒரு வேலையும் சொல்ல மாட்டேன்."

"சுடலைன்னா ஆயுசு பூரா வாராவாரம் பரண் சுத்தம் பண்றேன், போதுமா?"

"சரி" என்றாள் மனைவி. யோசிக்கவே இல்லை. அதை அவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

மாமனாரிடம் பாடம் ஆரம்பித்தது. அலாரம் கடிகாரத்தோடு போய் நின்றவரைக் கிழவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"அதக் கூடத்துல வெச்சுட்டு வாங்க மாப்பிள்ளை. இது நேரம் பாத்து எடுக்கறதில்ல. காதால கேட்டு எடுக்கறது."

"கேக்கையா?"

"வேகும்போது முணுமுணுங்கும். நிறைய முணுமுணுத்தா உள்ள பச்சை. சத்தமே இல்லைன்னா காஞ்சுபோச்சு. அடங்கப்போற நேரத்துல இறக்கணும்."

முதல் கேக்கை அடிக்கடி திறந்து திறந்து பார்த்தார். நடுவில் பொத்தென்று குழிந்துவிட்டது. அடுத்ததை ஞாயிறன்று, எல்லோரும் வந்திருக்கையில்தான் சுட்டாக வேண்டும். பரண் தலைக்கு மேலேயே நின்றது.

ஞாயிறு வந்தது. ஓவன் முன்னால் கடிகாரக்காரர் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். அடுக்களை வாசலில் மனைவி கைகட்டி நின்றாள். கூடத்தில் மச்சான் இருமினார்.

"இருமாதீங்க!" என்று அலறினார் கடிகாரக்காரர். மச்சான் இருமலை விழுங்கினார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கேக்கை வெளியே இழுத்துக் காதை வைத்தார். முணுமுணு. உள்ளே தள்ளினார். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியது. மறுபடி இழுத்தார். காது மடல் தகரத்தில் பட்டுச் சுரீரென்றது. கத்தவில்லை. கத்தினால் முணுமுணுப்பு கேட்காதே. மாமனாரும் குனிந்து காதை வைத்தார், நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"என்ன மாமா?"

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை."

பெண்கள் கட்டும் சின்னஞ்சிறு கடிகாரத்தின் நொடிமுள் ஓய்வதைத் தெருச் சந்தடியிலும் கேட்கிற காது அது. முணுமுணுப்பு ஒன்று, இன்னொன்று, பிறகு நூலாக ஒன்று...

"இப்ப!"

ஆறவைத்து வெட்டினார்கள். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். கடிகாரக்காரரின் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு அதையே யாராவது ரிப்பேர் பார்த்திருக்கலாம்.

"அப்பா கேக்கேதான்!" என்றாள் அக்கா.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மச்சான் கட்டிப்பிடித்து அழுதே விட்டார். மாமனார் தன் ஏப்ரனைக் கழற்றி மாப்பிள்ளை இடுப்பில் கட்டினார். கடிகாரக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? இனி ஞாயித்துக்கிழமை எனக்கு!"

"உங்களுக்கேதாங்க. நாங்க ஒரு வேலையும் சொல்ல மாட்டோம்" என்றாள் மனைவி. "ஆனா அப்பா ஏப்ரன் கட்டிவிட்டாருன்னா, அதுக்கப்புறம் வாராவாரம் எல்லாருக்கும் கேக் சுடறது கட்டிக்கிட்டவங்க பொறுப்பு. எங்க வீட்டு வழக்கம். காலையிலேயே மாவு கலக்கணும்."

கடிகாரக்காரர் ஏப்ரன் முடிச்சைத் தேடினார். அது முதுகுப்பக்கம் இருந்தது.

"அப்ப நீங்கள்லாம் ஏன் கத்துக்கல?"

"நான் சர்க்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுத் தப்பிச்சேன் மாப்ளே" என்றார் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் வேணும்னே கருக்கினேன்" என்றாள் அக்கா.

"நீ?"

"எனக்கு ஒண்ணுமே கேக்கலைன்னு சொல்லிட்டேன். அப்பாவுக்கோ நெசமாவே அப்பவே காது மந்தமாக ஆரம்பிச்சிருச்சு" என்றாள் மனைவி, இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டே. "பின்ன, ஓடற வாட்ச எடுத்துக்கிட்டு உங்க கடைக்கு எதுக்கு வந்தேன்னு நெனச்சீங்க?"