பள்ளத்தின் நடுநிலைமை

எங்கள் தார்ன்பெக் தொகுதி அறுபத்தொரு வருடமாக ஒரே கட்சியின் கோட்டை. பார்லிமெண்ட் உறுப்பினர் ஏதோ ஒரு விருந்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு பதவி விலகினார், இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. அதே வாரம் தேவாலயத் திருப்பத்தில் ரோடு உள்வாங்கியது. திரும்ப இடமில்லாமல் பதினாலாம் நம்பர் பஸ் நின்றுபோனது.

பக்கத்து வீட்டு எனிட் அம்மாளுக்கு அந்த பஸ்ஸைத் தவிர வேறு வழி கிடையாது. அவர் கணவர் ஆல்ஃப் அடுத்த ஊர் முதியோர் இல்லத்தில், ஒவ்வொரு முகமாக மறந்துகொண்டிருந்தார். அம்மாள் கவுன்சில் அலுவலகத்துக்கு நடந்தார். அக்கறையுள்ள குடிமகன் என்ற முறையில் நானும் போனேன்.

அதிகாரி பில்பீம் டீ கொடுத்து உபசரித்தார். "தார் இருக்கும்மா, ஆளும் இருக்கான். தேர்தல் முடியற வரைக்கும் மூடத்தான் முடியாது."

"ஏன் கண்ணு?"

"மூடினா ஆளுங்கட்சிக்குச் சாதகம். திறந்து வச்சா எதிர்க்கட்சிக்குச் சாதகம்."

"இப்போ திறந்துதானே கிடக்கு?"

"நாங்க திறக்கலையே! தானா விழுந்தது. அதனால அது நடுநிலை."

பள்ளம் நடுநிலை தவறாமல் வளர்ந்தது. ஒன்பது வேட்பாளர்கள் வந்து குந்தி உட்கார்ந்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, விரலால் அதைச் சுட்டிக்காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் இப்படி ஒரு படம் இல்லாமல் தேர்தல் துண்டறிக்கை அச்சாகாது. எதிர்க்கட்சி டோபி லாங்ஸ்டாஃப் மட்டும் இரண்டு கையாலும் காட்டினார். பன்னிரண்டாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வரலாறு மாறிவிட்டதாக டெலிவிஷன் சொன்னது. மாற்றியது நாங்கள்தானே என்று மதுக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம்.

எனிட் அம்மாள் புது உறுப்பினரைப் பிடித்தார். "இனிமே மூடிடலாமா தம்பி?"

"ரோடு கவுன்சில் விஷயம்மா. நான் பார்லிமெண்ட்."

"அப்புறம் எதுக்குக் கையைக் காட்டினே?"

"காட்டறது என் வேலை. அதுல ஏதாவது குறை இருந்துதா?"

இல்லைதான்.

பில்பீம் மக்களின் கருத்தறியக் கூட்டம் போட்டார். மதுக்கடைக்காரர் எழுந்தார்: "இந்தப் பள்ளத்தாலதான்யா லண்டன்காரனுக்கு நம்ம ஊர் பேரு தெரியுது. மூடிட்டா எவன் எட்டிப் பாப்பான்?" கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"மூட வேண்டும் என்போர் கை உயர்த்துக" என்றார் பில்பீம்.

எனிட் அம்மாளின் கை மட்டும் உயர்ந்தது. "ஆல்ஃப் போன வாரம் என் பேரு என்னன்னு கேட்டாராம், நர்ஸ் போன்ல சொன்னா" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் குனிந்து ஷூ நாடாவை இறுக்கினேன். எனக்குக் கார் இருக்கிறது. அது பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.