மச்சானுக்கு, என் பெயரில் போன ரத்தம் பற்றி

தாராவி, மும்பை.

அன்பும் மரியாதையும் மிக்க தாஹிர் மச்சான் அவர்களுக்கு, மச்சினன் முகம்மது ஹனீப் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், பீவி, தோல்பைப் பட்டறை மூவரும் நலம். அங்கே நீங்களும் என் அக்கா மெஹராஜும் நலமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதிலை நான் நம்பப்போவதில்லை. நாலு தடவை போன் போட்டு, நாலு தடவையும் கடையநல்லூரில் மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். வாயில் வராததால் எழுதுகிறேன்.

எனக்கு ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் வைரஸ் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் இங்கே ஆண்டாப் ஹில் கல்யாணத்துக்கு நீங்கள் வந்திருந்தபோது, ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு என் ரத்தம் கேட்டார்கள். ஈரல் தழும்பேறி இறுகும்போது ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுணுக்கமான துணுக்குகள் சில கூடுமாம், சில குறையுமாம். விலாவில் ஊசி இறக்கி ஈரலைக் கிள்ளி எடுக்காமல், அதை வைத்தே இறுக்கம் எவ்வளவு என்று சொல்ல முடியுமா என்று பார்க்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் முப்பது வருஷம் தோல் கத்தி பிடித்த நான் ஊசியைக் கண்டால் மயங்கி விழுவேனே! ரேஷனுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வரிசையில் நிற்கிற தாராவிப் பழக்கத்தில் உங்களை அனுப்பிவிட்டேன். என் ஆதார் போட்டோவில் தெரிவது தாடி மட்டும்தான். அது உங்களுக்கும் இருக்கிறது. என் பெயரில் ரத்தம் கொடுத்து, அவர்கள் தந்த பிஸ்கட்டையும் தின்றுவிட்டு வந்து, "எறும்புக் கடிதான் மாப்ளே" என்றீர்கள்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. முகம்மது ஹனீப், ஈரல் ரொம்ப இறுகிவிட்டது. பேப்பரில் என் பெயரைப் பார்த்ததும், அந்த ரத்தம் நான் கொடுத்ததல்ல என்பதே எனக்கு மறந்துபோச்சு மச்சான், சத்தியமா! வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். பீவிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். பல வருஷமா பேசாத பக்கத்துப் பட்டறை வேல்ராஜ் கையைப் பிடிச்சு அழுதேன். அவனும் என்ன ஏதுன்னு கேக்காம கூட அழுதான். மூணாம் நாள் வயித்துல மெஷின் வச்சு ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா முழிக்கிறாங்க: "சாச்சா, உங்க ஈரல் மெத்துனு இருக்கு, ரத்தம் வேற சொல்லுது." என் ஈரலுக்கு ஒண்ணுமில்லங்கிற சந்தோஷத்துல பட்டறைக்கே பிரியாணி வாங்கிப் போட்டேன். பாதி சாப்பாட்டுல பீவி கேட்டா: "அப்போ பேப்பர்ல இருக்கிற ஈரல் யாரோடதுங்க?"

அது உங்களோடது மச்சான்! சோத்துக் கையோட எந்திரிச்சேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா திட்டலை. "எங்க ஆராய்ச்சியே தப்போன்னு பயந்துட்டேன்"னாங்க. மிச்சமிருந்த ரத்தத்துல பார்த்தா, அதுலயும் வைரஸ். சின்ன வயசுல ஒரு கம்பவுண்டர் நம்ம தெருவுக்கே ஒரே ஊசியைப் போட்டாரே, அதுவா இருக்கலாம். "ஆராய்ச்சி டெஸ்டை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது, ஆளை உடனே கூட்டிட்டு வாங்க"ங்கிறாங்க. உங்க கால் வீங்கி, பெரிய செருப்பு வாங்கினதா அக்கா சொன்னப்போ நான் சிரிச்சேன். இப்போ அதைச் சொன்னப்போ டாக்டரம்மா சிரிக்கலை, அது ஈரலோட வேலையா இருக்கலாமாம். வைரஸ் மாத்திரையில போயிடுமாம். இறுகின ஈரலுக்குத்தான் அவங்க வாக்குக் கொடுக்கலை. எனக்குப் பயமா இருக்கு. உடனே ரயிலேறி வாங்க.

அக்காவுக்கு என் சலாம். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். எப்போதும் எழுதுகிற வரிதான். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

இப்படிக்கு,
முகம்மது ஹனீப்

பி.கு.: மேலே வரச் சொன்னதெல்லாம் ரத்து. தனியாக வர வேண்டாம். கவரை ஒட்டித் தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பிட்டேன், பிரிச்சு இதை எழுதுறேன். ஊசிக்குத்தான் உங்களை அனுப்பினேன். இதைச் சொல்லவும் தபால்காரர்னு இன்னொருத்தரை அனுப்ப மனசு வரலை. நாளைக்கு வண்டி ஏறுறேன். பக்கத்துல உட்கார்ந்து இந்தக் கடுதாசியை நானே வாசிக்கிறேன், ரெண்டு பேருமா திரும்பி வருவோம். ஆஸ்பத்திரியில உங்களுக்கு முன்னாடி நான் கையை நீட்டுறேன்.