கந்தப்பளையில் நான் கழற்றிய சக்கரம்

பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் உத்தமம். நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தவர் என் தாய்மாமன்.

அறுபதுகளின் தொடக்கம். வட்டகொடைப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலை பெக்டரியில் எனக்கு வேலை. மெசின்களுக்கு எண்ணெய் விடுகிற வேலை. எண்ணெய்க் குவளையைத் தவிர வேறெதையாவது தொட்டால் ஃபிட்டர் கையைத் தட்டிவிடுவார். ஆனால் ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்துக் கந்தப்பளை போய்ச் சேருவதற்குள் மாமா என்னை ஃபிட்டராக்கிவிட்டார்.

பெண்ணின் அப்பா மாணிக்கம், அங்கே தோட்டத்துத் துரையின் பங்களாவில் தோட்டக்காரர். எங்களை வரவேற்ற முகத்தில் களையே இல்லை. காரணம், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே பாதையோரத்தில் நின்ற ஒரு குட்டி டிராக்டர். பங்களாவின் காய்கறிப் பாத்திகளை உழுகிற வண்டி அது. பின்சக்கரம் பஞ்சர். துரை கொழும்பிலிருந்து மறுநாள் திரும்புவதற்குள் சக்கரத்தைக் கழற்றி நுவரெலியாவில் ஒட்டி வர வேண்டும். கழற்றப் போனால் இரண்டு போல்ட்டுகளின் தலை முறிந்துவிட்டது. சக்கரமும் துருவேறி அச்சோடு அச்சாக இறுகிக் கிடந்தது. மனிதருக்குப் பெண் பார்க்கிற சடங்கே மறந்துபோயிருந்தது.

"நம்ம பையன் இருக்கும்போது என்னாங்க கவல? பெக்டரியையே கழட்டி மாட்டுவான்" என்றார் மாமா.

மாணிக்கம் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பெண்ணைப் பாதி கொடுத்துவிட்டார். அவர் மகள் சரசுவை ஒரு கல்யாண வீட்டில் தூரத்தில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மீதிப் பாதியையும் வாங்கிவிடலாம் என்ற ஆசையில், உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன்.

ஸ்பேனரைப் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினேன். போல்ட்டின் தலை கையோடு வந்தது. (கழன்றுவிட்டது என்று நினைத்து மாமா கைதட்டினார்.) அடுத்ததும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் அந்தச் சக்கரத்தில் முறியாத போல்ட் என்று எதுவும் இல்லை. ஆனாலும் சக்கரம் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன். சுத்தியலால் அடித்தேன். எங்களுக்குப் பலகாரம் சுட அடுப்படியில் வைத்திருந்த நல்லெண்ணெயையும் கேட்டு வாங்கி ஊற்றினேன். வெள்ளை வேட்டி கறுப்பு வேட்டியானதுதான் மிச்சம்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமலே இருந்திருக்கலாம்.) அந்தத் தோட்டத்து முருகன் கோயில் திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது. தேர்வடம் கோயிலில் சுருட்டிக் கிடந்தது. அதைச் சக்கரத்தில் கட்டிப் பத்துப் பேர் இழுத்தால் வராமலா போகும் என்று கேட்டேன். மாணிக்கத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டு கிடையாது. பத்துப் பேரைக் கூப்பிட்டால் லயமே திரண்டு வந்தது.

வண்டிக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, நான் சொன்னதும் நிறுத்திவிட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். வடத்தைப் பிடித்தார்கள். பழக்கதோஷத்தில் யாரோ ஒருவர் "அரோகரா" என்றார்.

அங்கேதான் குடி முழுகியது. வடத்தைப் பிடித்து அரோகரா சொல்லிவிட்டால் பாதியில் விடுவது எங்கள் ஆட்களிடம் கிடையாது. விட்டால் சாமி குற்றம். நிறுத்தச் சொல்லி நான் கத்தியது அரோகராவில் கரைந்துபோனது. இழுத்த இழுப்பில் சக்கரம் வரவில்லை, வண்டி வந்தது. அது மெல்லத் திரும்பிச் சரிவைப் பார்த்து நின்று ஒரு கணம் யோசித்தது. முட்டுக்கல் விலகியது.

பிறகு யாரும் இழுக்கத் தேவைப்படவில்லை. வடத்தைப் போட்டுவிட்டு ஆட்கள் இருபக்கமும் பாய்ந்து விலக, டிராக்டர் லீக்ஸ் பாத்திகளை உழுதுகொண்டே இறங்கியது. (அன்று அது ஒழுங்காகச் செய்த ஒரே வேலை.) கீழே பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் சரசு. தேத்தண்ணித் தட்டோடு குனிந்த தலையுடன் எனக்குத் தரிசனம் தர வேண்டியவள், குடத்தைப் போட்டுவிட்டுக் கல்கட்டின் மேல் தாவி ஏறினாள். வண்டி அந்தக் கல்கட்டில் மோதி நின்றது. மோதிய அதிர்ச்சியில், அத்தனை நேரம் அடம் பிடித்த சக்கரம் தானாகக் கழன்று, உருண்டு வந்து அவள் காலடியில் சாய்ந்தது.

மாணிக்கம் மூச்சிரைக்க ஓடி வந்தார். பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மாமா பக்கம் திரும்பினார்.

"ஒரு வண்டிய இந்தப் பாடு படுத்துறவரு, எம் பொண்ண என்ன பாடு படுத்துவாரு?"

மாமா முதல்முறையாக வாயை மூடிக்கொண்டார். கதை முடிந்தது, ரயில் நேரம் என்ன என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். அப்போது கல்கட்டின் மேலிருந்து அவள் சொன்னாள்.

"நீங்க கேட்டது சக்கரத்ததானேப்பா? அது கழண்டுருச்சுல்ல."

முதலில் லயம் சிரித்தது. கடைசியாக, வேறு வழியில்லாமல், மாணிக்கமும் சிரித்தார். இருட்டுவதற்குள் எல்லாருமாக லீக்ஸை மறுபடி நட்டுவிட்டார்கள். முறிந்த போல்ட்டுகளை அந்தத் தோட்டத்து ஃபிட்டர் துளைபோட்டு எடுத்தாராம். எடுத்துவிட்டு, இந்த வேலை செய்தவன் எந்தத் தோட்டத்தான் என்று விசாரித்தாராம். நானும் மாமனாரும் சக்கரத்தை பஸ்ஸில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். வழியில், நான் எண்ணெய் விடுகிறவன்தான் என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன். ஸ்பேனரைப் பிடித்தபோதே அது தெரிந்துவிட்டது என்றார்.

அதற்குப் பிறகு கந்தப்பளைத் திருவிழாவில் எனக்கு யாரும் வடம் கொடுத்ததில்லை. மாப்பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவார்கள்.

போன மாதம் என் கடைவாய்ப் பல் பாதியில் முறிந்து, வேர் உள்ளே மாட்டிக்கொண்டது. டாக்டர் குறடு போட்டு இழுக்கிறார், வருவதாக இல்லை. அவருக்கு வியர்த்துவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்த சரசு கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், வடம் கொண்டாரச் சொல்லவா?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு வந்த சிரிப்பில் தலை குலுங்கியது, குறடும் குலுங்கியது, பல் வந்துவிட்டது. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழண்டுருச்சுல்ல" என்றாள்.