வாடிக்கையாளர் எண் இரண்டு

வாடிக்கையாளர் எண் இரண்டு, காலை ஒன்பது பத்துக்கு 'பெரிய சூட்கேஸ்' என்று தேடியிருந்தார். ஒன்பது பன்னிரண்டுக்கு, 'ஒருவர் துணிமணி மொத்தமும் கொள்ளும் சூட்கேஸ்'. ஒன்பது பதினைந்துக்கு, 'சீக்கிரம் வந்து சேரும் சூட்கேஸ்'.

திரையில் இதைப் படித்த பூதக்கண்ணாடி தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். வாடிக்கையாளர் எண் இரண்டு அவருடைய மனைவி.

ஓர் ஆன்லைன் கடையில் அவர் புரோகிராமர். எதையும் வரி வரியாகப் படிக்கிற குணத்தால் ஆபீசில் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். கடையைத் தொடங்கிய அன்று, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மேனேஜரை முதல் வாடிக்கையாளராகவும் தன் மனைவியை இரண்டாவதாகவும் பதிவு செய்தவரும் அவரே.

ஒரு வாரமாகக் கடை ஆமை வேகத்தில் நகர்ந்தது. யார் எதைத் தேடினாலும் கடை அதைத் தன் டேட்டாபேஸிடம்தான் கேட்கும். அந்தக் கேள்விகளில் எது இழுத்தடிக்கிறது என்று பிடிக்க, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் லாக் என்னும் பதிவுக் கோப்பில் எழுதும்படி நேற்றுதான் ஏற்பாடு செய்திருந்தார். வீட்டில் சாப்பிடும்போதும் அதே பெருமைதான்.

"இனிமே எங்க கடையில யார் எதைத் தட்டினாலும் லாக்ல ஏறிடும், என் கண்ணுலேர்ந்து தப்பாது" என்றார்.

மகள் வாயைப் பிளந்து கேட்டாள். மனைவி ஏதோ சொன்னாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். என்ன சொன்னாள் என்று இப்போது அடித்துக் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது.

வீட்டை விட்டே கிளம்பப்போகிறாளா? போன் செய்து கேட்டுவிடலாம்தான். ஆனால் என்னவென்று கேட்பது? நீ தேடுவதை இங்கே உட்கார்ந்து வேவு பார்க்கிறேன் என்றா? அதற்கே இன்னொரு சூட்கேஸ் வாங்குவாள்.

அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. டேட்டாபேஸைத் திறந்து, பெரிய சூட்கேஸ் எல்லாவற்றையும் 'கையிருப்பு இல்லை' என்று மாற்றினார். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

பத்து நிமிடத்தில் லாக்கில் புது வரி வந்தது. 'நடுத்தர சூட்கேஸ், இரண்டு.'

"ரெண்டா! குழந்தையையும் கூட்டிக்கிட்டுப் போறாளா!" என்று வாய்விட்டே அலறினார். அடுத்த நொடி கடையில் நடுத்தரமும் இல்லை, சிறியதும் இல்லை, பள்ளிக்கூடப் பை கூட இல்லை.

மத்தியானம், வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பெண் மூச்சிரைக்க வந்தாள்.

"சார், லீவு சீசன்ல சூட்கேஸ் ஒண்ணு கூட இல்லையாமே! போன்ல என்னைக் கிழிகிழின்னு கிழிக்கறாங்க."

"சின்ன கோளாறும்மா. இதோ சரி பண்ணிடறேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர், யாரும் சொல்லாமலே பாத்திரம் துலக்கினார். துவைத்த துணியை மடித்தார். மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே. என்னங்க, கொஞ்சம் உக்காருங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

பிரியப்போகிறேன் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது? "அவசர வேலை" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார்.

மறுநாள் காலை ஓர் அபாரமான யோசனை உதித்தது. சூட்கேஸ்களை மறுபடி கடையில் வைத்தார். கூடவே ஒரு விதி எழுதினார்: வாடிக்கையாளர் எண் இரண்டு சூட்கேஸ் என்று தேடினால், அவருக்கு இரட்டைக் கட்டில், ஜோடித் தலையணை, குடும்பப் படம் மாட்டும் சட்டம் இவை மட்டும் தெரிய வேண்டும். மனசு இளகாமல் போகுமா? அவசரத்தில் அந்த 'எண் இரண்டு' என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண் திரும்பவும் வந்து நின்றாள். இந்தத் தடவை அவள் முகத்தில் கோபத்தை விடக் குழப்பம்தான் அதிகம்.

"சார், ஒரு பெரியவர் கூப்பிட்டார். கல்யாணமே வேண்டாம்னு அறுபது வயசு வரைக்கும் உறுதியா இருக்காராம். சூட்கேஸ் கேட்டா ஜோடித் தலையணை காட்டறீங்களே, எங்க அக்கா உங்ககிட்ட ஏதாவது சொல்லி வச்சாளான்னு கேக்கறார்."

பூதக்கண்ணாடி பதறிப்போய், தவறு எங்கே என்று பார்க்க, லாக்கில் இன்னும் விவரமாக எழுதச் சொன்னார். அது எழுதியது. எழுதிக்கொண்டே இருந்தது. அரை மணியில் சர்வர் எள் விழ இடமில்லாமல் நிரம்பி, கடை மொத்தமாக நின்றது.

மேனேஜர் அம்மா தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்ன நடக்குது இங்க?"

அவர் மென்று விழுங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மேனேஜர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு பயந்து, என் கடையையே இழுத்து மூடிட்டீங்களா?"

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவாளோன்னு பயமா இருக்கு மேடம். பன்னிரண்டு வருஷம். அவ இல்லாத வீட்டை என்னால நினைச்சுக்கூடப் பாக்க முடியல."

மேனேஜர் அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "முதல்ல அந்த லாக்கை நிறுத்துங்க. அப்புறம் நேரா வீட்டுக்குப் போய் வாயைத் திறந்து பேசுங்க. கடையை நாங்க பாத்துக்கறோம்."

லாக்கை நிறுத்தப் போனவர், பழக்க தோஷத்தில் கடைசி வரியைப் படித்தார். வாடிக்கையாளர் எண் இரண்டு: 'ஆண்களுக்கான சூட்கேஸ்'.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தின் நடுவில் ஒரு புது சூட்கேஸ், அதுவும் போட்டிக் கடையின் சீட்டு ஒட்டியது, வாயைத் திறந்து கிடந்தது. உள்ளே அவருடைய சட்டைகள், அவருடைய வேட்டி, அவருடைய பல் துலக்கும் பிரஷ். மனைவி அவருடைய பனியனை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆக, அவள் போகவில்லை. அவரைத்தான் அனுப்புகிறாள்.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க வேணாலும் போறேன். உன்னையும் குழந்தையையும் விட்டுட்டு மட்டும் போகச் சொல்லாதே. இனிமே நீ சொல்றது ஒவ்வொண்ணையும் காது குடுத்துக் கேக்கறேன். என் மேல சத்தியம்!"

மனைவி பனியனால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவருக்கும் கண் கலங்கியது.

உள்ளறையிலிருந்து தோளில் பையோடு மகள் ஓடி வந்தாள்.

"பாத்தியாம்மா! நாம மூணு பேரும் நாளைக்குக் கிளம்பற டூரைப் பத்தி மூணு வாரமா வாயால சொல்லிப் பாத்தே, அப்பா காதுல ஏறல. லாக்ல ஏத்திவிட்டா ரெண்டே நாள்ல ஓடி வந்துடுவார்னு நான் சொன்னேன்ல!"