படத்தில் என் நாற்காலி

இனி வியாழக்கிழமைகளில் நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்று, ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே ஒருநாள் காலையில் தீர்மானம் செய்தேன். மனசுக்குள்தான். எதிரே என் மனைவி யூலாலி உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை என் மாமியார் விருந்தாளிகளை வரவேற்கும் நாள். பாரிஸில் ஒவ்வொரு சீமாட்டிக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை, மகளும் மருமகனும் கேக் தட்டை ஏந்திக்கொண்டு மாமியாருடைய கல்லீரலின் வரலாற்றைக் கேட்க வேண்டும்.

என்னைக் காப்பாற்றியது தொழில். நான் ஓப்பரா மண்டபத்தில் பாஸூன் வாசிப்பவன். பாஸூன் என்பது ஏறக்குறைய என் உயரத்துக்கு ஒரு மரக்குழல், அதற்கு ஜலதோஷம் பிடித்த குரல். அந்த வசந்த காலத்தில் வியாழன் பிற்பகலில் ஒத்திகை போட்டார்கள். மாமியாரிடமிருந்து விடுதலை கிடைத்தது.

ஆனால் ஒத்திகைக்கும் எதற்குப் போக வேண்டும்? எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வர முடியாதவன் பதில் ஆளை அனுப்பலாம். நாற்காலி காலியாக இல்லாதவரை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான் ஷாபுயி என்கிற இன்னொரு பாஸூன்காரரை அனுப்பினேன். நல்ல வாசிப்பு. எனக்கு வழுக்கை, அவருக்குச் சிவப்புத் தாடி; மற்றபடி வித்தியாசம் கிடையாது.

நான் ரயிலேறி ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன். வாடகைப் படகில் மல்லாந்து படுத்தால், ஒரு மேகம் கரைந்து இன்னொன்றாகும். தண்ணீரில் வெளிச்சம் உடைந்து உடைந்து சேரும். கண்ணை மூடினால் எங்கோ பிடில்கள் கேட்கும், நடனப் பெண்களின் கால்கள் மட்டும் மிதந்து போகும். மேடைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கும் எங்களுக்கு முகங்கள் தெரியாது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு முகத்தையும் பார்த்ததில்லை என்றால் யூலாலி நம்புவதில்லை. அந்த ஆறு வியாழக்கிழமைகளைப் போல வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஏழாவது வாரம் யூலாலி கேட்டாள்:

"ஏங்க, ஓவியர் தெலோர்ம் உங்க கோஷ்டியை வரைஞ்சு முடிச்சுட்டாராம். ஞாயித்துக்கிழமை போய்ப் பாப்போமா?"

"எப்ப வரைஞ்சாரு?"

"வியாழக்கிழமை ஒத்திகையிலதான். முன்வரிசையிலேயே உக்காந்திருந்தாராமே. நீங்க பாக்கலையா?"

"வாசிக்கிறவன் திரும்பித் திரும்பிப் பாக்க முடியுமா?"

ஓவியரின் கூடத்துக்குப் போனோம். பெரிய படம். கீழே இருட்டில் எங்கள் கூட்டம். மேலே காஸ் விளக்கில் மிதக்கும் ரோஜா நிறப் பாவாடைகள். நடனப் பெண்களின் தலைகளை ஓவியரும் வரையவில்லை. நடுநாயகமாக என் நாற்காலி. அதில் கன்னத்தை உப்பிக்கொண்டு ஷாபுயி.

யூலாலி மூக்குக்கண்ணாடியை மாட்டினாள்.

"இது நீங்களா?"

"பின்னே? என் நாற்காலிதானே."

"தாடி இருக்கே."

"இப்பப் புதுசா வரையறவங்க முகத்தையா பாக்கறாங்க, யூலாலி? வெளிச்சத்தைப் பாக்கறாங்க. விளக்கு என் தாடையில விழுந்திருக்கு."

"தலையில முடி?"

"அதுவும் வெளிச்சம்தான்."

"அப்ப வழுக்கை எங்கே?"

"நிழல்ல இருக்கு."

தெலோர்ம் தூரிகையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை மரியாதையோடு பார்த்தார். அவருடைய கலையை இவ்வளவு ஆழமாக யாரும் விளக்கியதில்லை போலிருக்கிறது.

"சரி, இது யாரு? சொல்லுங்க பாப்போம்" என்று படத்தின் மூலையைக் காட்டினாள் யூலாலி.

மேடையோரத்து மாடத்தில் ஒரு பெண். நாலைந்து தீற்றல்தான். கன்னத்தில் கை, பாதி மூடிய கண், பச்சைத் தொப்பி. அந்தத் தொப்பியை யூலாலிக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

"மதாம் ஆறு வாரமும் வந்தாங்க" என்றார் தெலோர்ம். "அசையாம உக்காந்திருப்பாங்க. அந்த முகத்தை விட மனசு வரலை."

"நீ உங்கம்மா வீட்டுக்குப் போகலையா?" என் குரல் பாஸூன் மாதிரியே வந்தது.

"புருஷனைப் படம் வரையறாங்க, பக்கத்துல இருக்கணும்னு அம்மாகிட்ட சொன்னேன். மொத வாரம் நெஜமாவே உங்களைப் பாக்கத்தான் வந்தேன். உங்களைக் காணோம். வந்தது வந்தோம்னு உக்காந்தேன். விளக்கும் பாட்டுமா, தண்ணியில மிதக்கற மாதிரி இருந்துச்சுங்க. மூணு மணி நேரம் யாரோட கல்லீரலும் இல்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆற்றுக்கு இவளை ஒருநாளும் கூட்டிப் போனதில்லையே என்றும் தோன்றியது.

"கோவமா?" என்றேன்.

"கோவம் எதுக்கு? பதில் ஆள் வழக்கத்தைப் பத்தி உங்க பிடில்காரர் ஒருத்தர் வெவரமா சொன்னாரு. நல்ல வழக்கம். படம் முடிஞ்சுபோச்சு, இனிமே வியாழக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி அம்மா ஆளனுப்பிட்டாங்க. எனக்கோ அந்த மாடத்தை விட மனசில்லை."

"அதனால?"

"அதனால வழக்கப்படி செஞ்சிட்டேன். அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க."

இப்போது வியாழக்கிழமைகளில் என் நாற்காலியில் ஷாபுயி வாசிக்கிறார், மாடத்தில் யூலாலி கண்ணை மூடிக் கேட்கிறாள், கேக் தட்டோடு மாமியார் எதிரில் மனைவியின் பதில் ஆளாக நான்.