மருமகன் கேட்ட பறவை

கல்முனை
24.08.1986

அன்பும் கண்ணியமும் நிறைந்த மருமகன் காலிதீன் அவர்களுக்கு, மாமனார் மீராசா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் வீட்டில் எல்லோரும் சுகம். சுகமில்லாதவரைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் மாமி சல்மா உம்மாவும் ஸலாம் சொல்லச் சொன்னார். மகள் முனவ்வறா நன்றாக இருக்கிறாள். நீங்கள் இன்னும் காணாத உங்கள் மகன் தவழத் தொடங்கிவிட்டான். உங்கள் போட்டோவைக் காட்டி "வாப்பா எங்கே?" என்று கேட்டால் வாங்கிக் கடிக்கிறான். மூக்கு வரைக்கும் கடித்தாயிற்று.

லீவில் ஊருக்கு வந்த மக்கீனிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதமும் தூரக்கண்ணாடியும் பத்திரிகையில் வெட்டிய பறவைப் படமும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. உங்கள் அரபி முதலாளி வேட்டைப் பறவை வளர்க்கிறவர் என்றும், அவரிடம் நீங்கள் பேச்சுவாக்கில், எங்கள் ஊருக்கு மேற்கே மலைகளில் ஷாஹீன் என்று ஓர் இனம் உண்டு, மழைக்கும் வெயிலுக்கும் அது இடத்தை விட்டுப் போவதில்லை, அபூர்வமானது என்று சொல்லிவிட்டீர்கள் என்றும், அதற்கு அவர், உன் மாமனார் அதைக் கண்ணால் கண்டு இடத்தை எழுதட்டும், நானே வந்து பார்க்கிறேன், உன்னையும் லீவில் கூட்டிப் போகிறேன் என்றார் என்றும் எழுதியிருந்தீர்கள். மருமகன், நான் இந்த ஆயுளில் அண்ணாந்து பார்த்தது பிறைக்கு மட்டும்தான், அதுவும் மற்றவர்கள் கண்டு கை நீட்டிக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கரையில் மருமகன் ஒன்றைக் கேட்டு மாமன் முடியாது என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெண்ணைக் கொடுத்து, வீட்டைக் கொடுத்து, வீட்டிலுள்ள நல்ல கட்டிலையும் கொடுத்துவிட்டுப் பின்னறைக்கு ஒதுங்கியவன் ஒரு குருவிக்கு முகம் சுழிக்கலாமா? சரி என்று சொல்லிவிட்டேன்.

படத்தைச் சந்தையில் காட்டியது என் பிழை. காட்டிய அன்றே ஊரில் எல்லோரும் அந்தப் பறவையைக் கண்டவர்களாகிவிட்டார்கள். மீன் வியாபாரி கச்சிமுகம்மது ஒரு சாக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தாங்க, உங்கட மருமகன்ட ஷாஹீன்" என்று நடு வீட்டில் அவிழ்த்துவிட்டான். அது கடற்கரையில் மீன் குடலுக்குப் பறக்கிற சாதாரணப் பருந்து. வந்த வேகத்தில் முனவ்வறாவின் அடைக்கோழியைக் கொன்று, உங்கள் மாமியின் பெருவிரலைக் கிழித்து, நீங்கள் வந்தால் படுப்பதற்கென்று விரித்து வைத்திருக்கிற கட்டிலின் மேல் ஏறி இருந்துகொண்டு, அங்கேயே எல்லாக் காரியத்தையும் முடித்தது. கதவைத் திறந்துவிட்டும் போகவில்லை. அதுவும் தன்னை மருமகன் என்று நினைத்துவிட்டதாக்கும்.

ஆகவே மலைக்கே போவதென்று தீர்மானித்தேன். சாகாமத்தில் நம்முடைய வயலுக்கு அடுத்த வயல்காரர், திருக்கோவில் தங்கராசாவை உங்களுக்குத் தெரியும். உங்கள் கலியாணத்துக்கு வண்டி நிறைய வாழைக்குலை கொண்டுவந்தவர். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பதால் நாங்கள் வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கிறோம், அந்த வகையில் மிகவும் நெருக்கம். போன வருடத் தமிழ், முஸ்லிம் குழப்பத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் தனியாகப் போவதில்லை. அவர் என்னோடு வந்தால் அவர்கள் பக்கத்தில் எனக்குக் காவல், நான் அவரோடு வந்தால் எங்கள் பக்கத்தில் அவருக்குக் காவல் என்று கணக்குப் போட்டோம். மூன்றாவது பக்கம் ஒன்று இருப்பது இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை.

"நெல்லு வெட்டுக் காலத்தில குருவி பாக்கவா போறயள் காக்கா? ஊரார் கேட்டா நான் என்னத்தச் சொல்லுற?" என்று கேட்டார். எங்கள் ஆட்களைப் போலவே அவரும் என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"மருமகன் கேட்டிருக்கார், தங்கராசா."

"அப்ப வேற கதை. நடங்க" என்று அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு வந்தார்.

மலை என்று நீங்கள் லேசாக எழுதிவிட்டீர்கள். முள்ளில் என் இடுப்புச் சாரன் கிழிந்தது, செருப்பு அறுந்தது, யானை இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது என்று தெரிகிற இடத்தில் மூச்சுக்கூட விடாமல் நடந்தோம். உச்சிப் பாறையில் ஏறி இருந்து மயில் கண்டோம், கிளி கண்டோம், புறாக் கூட்டம் கண்டோம். குரங்குதான் எங்களைக் கண்டது. சோற்றுப் பார்சலையும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்த பறவைப் படத்தையும் பறித்துக்கொண்டு போனது. சோறு போனதற்குத்தான் அப்போது கவலைப்பட்டேன்.

நடுப்பகல் லுகர் தொழுகைக்கு நேரமாயிற்று. பாறைக் குழியில் வற்றாமல் கிடந்த தண்ணீரில் முகம், கை, கால் கழுவி வுழூச் செய்தேன். தூரக்கண்ணாடி கழுத்தில் கிடந்தால் குனியும்போது முகத்தில் அடிக்கும். கீழே வைத்தால் கீறல் விழும், மருமகன் அனுப்பிய சாமான். ஆகவே கழற்றித் தங்கராசாவின் கழுத்தில் மாட்டிவிட்டேன். மருமகன், நான் செய்தது இவ்வளவுதான்.

நடுத் தொழுகையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது, பிறகு சிங்களத்தில் அதட்டல். முறிப்பதா, முடிப்பதா என்று யோசித்துக்கொண்டே தொழுது முடித்தேன், என்ன ஓதினேன் என்று கேட்காதீர்கள். முடிவில் முகத்தைத் திருப்பி வலது பக்கம் ஸலாம் கொடுத்தேன், ஒரு சிப்பாய் நின்றான். இடது பக்கம் கொடுத்தேன், இன்னொருவன் நின்றான். தங்கராசா முழங்காலில் இருந்தார். கைகளை அவருடைய சால்வையாலேயே பின்னால் கட்டியிருந்தார்கள். தூரக்கண்ணாடி கழுத்தில் அப்படியே தொங்கியது. பாறைக்குக் கீழே ஒரு வீதி போவதும், அதில் அவர்களுடைய வாகனங்கள் போய் வருவதும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

கண்ணாடி என்னுடையது என்று சொன்னேன். யார் கழுத்தில் கிடக்கிறதோ அவனுடையது என்றார் அவர்களின் அதிகாரி. பறவை பார்க்க வந்தோம் என்பதை என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் சொல்ல முடியாமல், இரண்டு கையையும் விரித்துப் பறந்து காட்டினேன். ஒரு சிப்பாய் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பி இன்னும் கொஞ்சம் வேகமாகப் பறந்தேன். கட்டிய கையோடு தங்கராசாவையும் பறக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் பறக்கவில்லை.

முகாமில், "அந்தப் பறவை எங்கே?" என்று கேட்டார்கள். இன்றைக்கு வரவில்லை என்றேன். உங்கள் கடிதத்தைக் காட்டினேன், தமிழில் எழுதியதை எப்படி நம்புவது என்றார்கள். என் தொப்பியையும் அடையாள அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொழுது சாய்வதற்குள் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். தங்கராசாவை வைத்துக்கொண்டார்கள். ஒன்று, அப்படி ஒரு பறவை அந்த மலையில் இருக்கிறது என்று காட்டு, இல்லாவிட்டால் அதைக் கேட்ட அரபியின் கடிதத்தைக் கொண்டு வா, பிறகு பார்ப்போம் என்றார்கள்.

நான் மறுபடியும் மலைக்குப் போனேன், தனியாக. வெள்ளைக் குடை பிடித்தால் ஒளிந்து வந்தவன் என்று நினைக்கமாட்டார்கள் என்று குடையும் கொண்டு போனேன். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு பறவை பார்த்தவன் இலங்கையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பறவை வரவில்லை. மலையிலிருந்து பறவையை இறக்கித் தரச்சொல்லித் துஆக் கேட்டேன், மருமகன். அதற்கு ஏதாவது துஆ இருக்கிறதா என்று பள்ளிவாசல் லெப்பையிடமும் கேட்டேன். அவர் என்னைப் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்.

தங்கராசாவின் மனைவி செல்லத்தங்கம் தினமும் விடிந்ததும் பஸ்ஸில் வந்து நம்முடைய வாசலில் நிற்கிறாள். அழுவதுமில்லை, ஏசுவதுமில்லை. "குருவி வந்திட்டா காக்கா?" என்று மட்டும் கேட்பாள். இல்லை என்பேன். மாமி கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவாள். ஏசினாலாவது என் நெஞ்சு ஆறும். மருமகனுக்கு மனவருத்தம் தரக்கூடாதென்று இதை எழுதாமலே இருந்தேன். உங்கள் மாமிதான், "இஞ்சருங்க, அந்த மனிசன அங்க வெச்சிட்டு இன்னும் என்ன மரியாத இரிக்கி? உள்ளத எழுதுங்க" என்று பேனாவைக் கையில் தந்தார்.

ஆகவே மருமகன், அரபியின் காலைப் பிடித்தாவது ஒரு கடிதம் வாங்குங்கள். இங்கிலீசில் இருக்க வேண்டும், பெரிய முத்திரை குத்தியிருக்க வேண்டும், பறவையைத் தானே பார்க்கச் சொன்னதாக இருக்க வேண்டும், கறுத்த தலையும் செம்மண் நிற நெஞ்சும் காகத்தின் அளவுமாக அப்படி ஒரு பறவை எங்கள் மலையில் நிச்சயம் உண்டு என்று இருக்க வேண்டும். இன்னொரு படமும் வேண்டும். நீங்கள் வேறு ஒன்றும் அனுப்ப வேண்டாம். தங்கராசா வீட்டுக்கு வர வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் தேவையில்லை.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தையும், முதலாளிக்கு இரக்கத்தையும், எங்கள் எல்லோருக்கும் புத்தியையும் தருவானாக. மாமியின் துஆவும், முனவ்வறாவின் ஸலாமும், உங்கள் மகனின் கடியும் இத்துடன்.

இப்படிக்கு,
மாமனார் மீராசா

பிற்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, மக்கீன் திரும்பிப் போகும்போது கொடுப்பதற்காகச் சில நாள் வைத்திருந்தேன். இப்போது அவன் வானை வாசலில் நிறுத்திவிட்டு ஹோர்ன் அடிக்கிறான், திருப்பி எழுத நேரமில்லை. மேலே உள்ளதை எழுதாததாக நினைத்து, வாசித்ததும் கிழித்துவிடுங்கள். அரபியிடம் கடிதம் கேட்க வேண்டாம். கேட்டிருந்தாலும் வாங்க வேண்டாம். தங்கராசா நேற்று வந்துவிட்டார். பறவை உண்டு என்று சொன்னபோதெல்லாம் அடித்தார்களாம். கடைசியில், அப்படி ஒரு பறவையே இல்லை, மீராசா சொன்னது பொய் என்று சொன்னாராம். அதை எழுதி அவரிடம் ஒப்பம் கேட்டார்கள். எழுதத் தெரிந்த மனிதர், பேனா பிடிக்க முடியாமல் இடது கைப் பெருவிரலை வைத்துவிட்டு வந்திருக்கிறார். இனி அரபியின் கடிதம் வந்தால் அவர் வைத்த அடையாளம் பொய்யாகிவிடும், திரும்பவும் கொண்டு போவார்கள். லீவுக்கு வேறு ஏதாவது சொல்லுங்கள். மாமன் செத்து மவுத்தாகிவிட்டான் என்று சொன்னாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

உங்களுக்கு மட்டும் ஒன்று. இன்று காலையில் அவரைப் பார்க்கப் போனேன். வயல் காவல் வாடியில் இருந்தோம். களத்தில் நெல் பொறுக்கிக்கொண்டிருந்த புறாக்கள் திடீரென்று எழும்பின. மேலேயிருந்து ஒன்று விழுந்து, ஒரு புறாவை அடித்துத் தூக்கிக்கொண்டு போய், எதிரே பட்ட மரத்தில் இருந்தது. கறுத்த தலை, செம்மண் நெஞ்சு. படத்தில் இருந்தது அப்படியே இருந்தது, மருமகன். என்னை மறந்து தங்கராசாவின் கையைப் பிடித்துவிட்டேன், வலி தாங்காமல் இழுத்துக்கொண்டார். ஒரு தடவைதான் அண்ணாந்து பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"காகம், காக்கா" என்றார்.

"ஓம் தங்கராசா, காகம்தான்" என்றேன்.